பூட்டு ஊரிலிருந்து பூ ஊருக்கு... சகுரா பார்க்கக் கிளம்பும் முன் ஒரு நிமிஷம்!

மார்ச் பிறந்துவிட்டால் செல்போனைத் திறந்த இடமெல்லாம் இளஞ்சிவப்புதான். ஆற்றின் இருகரையிலும் இலையே தெரியாமல் பூத்து நிற்கும் மரங்கள், கீழே பாய் விரித்துச் சாப்பிடும் குடும்பங்கள், காற்றடித்தால் மழையாகக் கொட்டும் இதழ்கள். ஜப்பானின் சகுரா சீஸன் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “வாழ்க்கையில ஒரு தடவையாவது போயிட்டு வந்துடணும்” என்று சொல்லாத வீடு குறைவு.

திண்டுக்கல்லிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கும் அதே வாரங்களில்தான் அங்கே குளிர் விலகி மரங்கள் மொட்டவிழ்கின்றன. ஆசை நியாயமானதுதான். ஆனால், ஒரு சிக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களாலும் பூவைப் பூட்டி வைக்க முடியாது. ஒரு மரம் முழுதாகப் பூத்து நிற்பது ஏறத்தாழ ஒரு வாரம். நடுவில் பலத்த மழையோ காற்றோ வந்தால் அதுவும் கிடையாது. பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டுப் போய் இறங்கும்போது மொட்டாக இருந்தாலும் ஏமாற்றம், கொட்டி முடிந்திருந்தாலும் ஏமாற்றம். எனவே, எந்த ஊர், எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, டிக்கெட்டுக்குப் பிறகு வரலாம்.

பூ எப்போது பூக்கும் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

ஜப்பானில் நாம் படங்களில் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை ‘சோமேய் யோஷினோ’ என்ற ஒரே ரகம். விதை போட்டு வளர்த்தவை அல்ல, எல்லாமே ஒட்டுக்கட்டியவை. நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே தாய்மரத்தின் வாரிசுகள் என்பதால், ஒரு ஊரில் இருக்கும் மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பூக்கின்றன, ஒன்றாகவே உதிர்ந்தும்விடுகின்றன.

ஜப்பான் வானிலை ஆய்வு மையம் ஊருக்கு ஊர் ‘மாதிரி மரம்’ வைத்திருக்கிறது. டோக்கியோவுக்கான மரம் யாசுகுனி ஆலய வளாகத்தில் இருக்கிறது. அதிகாரி நேரில் போய்ப் பார்த்து, 5 அல்லது 6 பூக்கள் விரிந்திருந்தால்தான் ‘பூத்தாச்சு’ என்று அறிவிப்பார். டி.வி சேனல்கள் அதை நேரலையில் காட்டும். 80 சதவிகித மொட்டுகள் விரிந்தால் ‘முழுப்பூ’. முதல் அறிவிப்புக்கும் முழுப்பூவுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு வாரம். குளிரான வட ஊர்களில் நான்கைந்து நாள்.

முன்கூட்டியே கணிக்க அங்கே ஒரு எளிய கணக்கும் உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். 600 டிகிரியை நெருங்கும்போது பூக்கும். இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. குளிர்காலத்தில் மொட்டுகள் போதுமான குளிரை அனுபவித்திருக்க வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் தூக்கம் கலையாது. நம் சமவெளியில் கன்று வாங்கி நட்டாலும் அந்தப் பூக்கோலம் கிடைக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

கணக்கு இருந்தாலும் இயற்கை தன் போக்கில்தான் போகும். டோக்கியோவில் 2023-ல் மார்ச் 14-ம் தேதியே பூத்துவிட்டது. அடுத்த ஆண்டு 2024-ல் மார்ச் 29 வரை காக்க வைத்தது. இரண்டுக்கும் 15 நாள் வித்தியாசம்! கியோட்டோவில் பூத்த நாள்களைப் பற்றி 9-ம் நூற்றாண்டு முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. அதுவரையிலான 1,200 ஆண்டு வரலாற்றில் மிக முன்னதாக முழுப்பூ வந்த ஆண்டாக 2021 பதிவானது. தேதி மார்ச் 26. பூமி சூடாகச் சூடாக, பழைய தேதிகளை மட்டும் நம்பிப் போக முடியாது.

பரீட்சை முடியட்டும்... வடக்கே போகலாம்!

டிராவல்ஸ் விளம்பரங்கள் பெரும்பாலும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று மார்ச் கடைசியைத்தான் காட்டும். நம் வீடுகளில் அதுதான் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம். ‘பிள்ளைங்க படிப்பு முடிஞ்ச பிறகு பார்த்துக்கலாம்’ என்று பல குடும்பங்கள் தள்ளிப்போடுவது இதனால்தான்.

ஆனால், சகுரா ஒரே நாளில் நாடு முழுக்கப் பூப்பதில்லை. தெற்கே ஒகினாவாவில் ஜனவரியில் வேறொரு ரகத்தில் தொடங்கி, மே மாதம் வடகோடியான ஹொக்கைடோவில் முடிகிறது. 30 ஆண்டு சராசரிப்படி (1991-2020) முதல் பூ விரியும் நாள்கள் இவை:

• ஃபுகுவோகா – மார்ச் 22
• டோக்கியோ – மார்ச் 24
• கியோட்டோ – மார்ச் 26
• சென்டாய் – ஏப்ரல் 8
• அவோமோரி – ஏப்ரல் 22
• சப்போரோ – மே 1

சமீப ஆண்டுகளில் பூ இந்தத் தேதிகளுக்கு முன்பே வருவது அதிகம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே விடை தெரியும். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்தில் டோக்கியோ-கியோட்டோ போகலாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டிப் போகிறவர்களுக்கு சென்டாய் பக்கம் ஏற்றது. கோடை விடுமுறை விட்ட பிறகுதான் கிளம்ப முடியும் என்கிற குடும்பங்களுக்கு வடக்கு ஜப்பான்.

வடக்கில் முதலிடம் ஹிரோசாகிக்கு. பழைய கோட்டையைச் சுற்றிய பூங்காவில் ஏறத்தாழ 2,600 செர்ரி மரங்கள். பூ உதிர்ந்தால்கூட அங்கே காட்சி முடிவதில்லை. அகழித் தண்ணீரே தெரியாதபடி இதழ்கள் மிதக்கும். அதை ‘ஹனா இகாடா’ என்கிறார்கள். நம் மொழியில் சொன்னால், பூத் தெப்பம்! இன்னும் மேலே போனால் ஹாகோடாடே. அங்குள்ள கொர்யோகாகு, நட்சத்திர வடிவக் கோட்டை. பக்கத்துக் கோபுரத்தில் ஏறி நின்றால் இளஞ்சிவப்பு நட்சத்திரம் ஒன்று தரையில் கிடப்பதுபோல் தெரியும்.

வடக்கிலும் நூறு சதவிகித உத்தரவாதம் இல்லை. 2023-ல் அவோமோரியிலும் வழக்கத்தைவிட இரண்டு வாரம் முந்திக்கொண்டு பூத்தது. தவிர, ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை. ‘கோல்டன் வீக்’ என்பார்கள். அந்த வாரத்தில் ரயில், ஹோட்டல் எல்லாம் நம்மூர் தீபாவளி கூட்டம்தான். முடிந்தவரை அதற்கு முன்பே முடித்துக்கொண்டு திரும்புவது நல்லது.

ஏமாறாமல் இருக்க சில வழிகள்

ஏழு நாளும் ஒரே ஊரில் அறை போடாதீர்கள். தெற்கு வடக்காக இரண்டு மூன்று ஊர்களைச் சேர்த்துத் திட்டமிட்டால், ஓர் ஊரில் தவறினாலும் இன்னொன்றில் கிடைக்கும். கட்டணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வசதியுள்ள அறைகளையே முதலில் பதிவு செய்யுங்கள். தனியார் வானிலை நிறுவனங்கள் ஜனவரி முதல் கணிப்புகளை வெளியிட்டு, அவ்வப்போது திருத்தும். அதைப் பார்த்து ஊர்களை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம்.

அடுக்கு இதழ் கொண்ட ‘யாஏ’ ரகங்கள் சோமேய் யோஷினோ உதிர்ந்து ஓரிரு வாரம் கழித்துத்தான் பூக்கும். டோக்கியோவின் ஷின்ஜுகு கியோயென் தோட்டத்தில் பல ரகங்கள் இருப்பதால், ஏப்ரல் பாதிக்கு மேல் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. கியோட்டோவின் நின்னாஜி ஆலயத்து மரங்களும் தாமதமாகப் பூப்பவை.

பாஸ்போர்ட் முதல் விமானம் வரை

ஆறு மாதம் முன்பு: வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தேதி பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வரும். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

நான்கைந்து மாதம் முன்பு: விமானம். திண்டுக்கல்காரர்களுக்கு இதில் வசதி அதிகம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஏறத்தாழ 7 மணி நேரத்தில் டோக்கியோ. மதுரையிலிருந்து கொழும்பு வழியாகவும் போகலாம். சென்னை வரை ரயிலேறிப் போக வேண்டிய கட்டாயமில்லை. ஒன்று மட்டும் கவனம்: முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், நடுவழி நாட்டில் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த நாட்டு விசா கேள்வியும் வரும்.

இரண்டு மாதம் முன்பு: விசா. சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்தின் மூலம் பெறலாம். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, எந்த நாள் எந்த ஊர் என்ற பட்டியல் எல்லாம் கேட்பார்கள். சாதாரண சுற்றுலா விசா கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டியது என்பதால், ரொம்ப முன்னாடியே வாங்கி வைக்கவும் கூடாது.

செலவில் விமானத்துக்கு அடுத்தது அறையும் ரயிலும். நாடு முழுக்கச் சுற்ற உதவும் ஜே.ஆர். பாஸின் விலை 2023 அக்டோபரில் கடுமையாக ஏறியது. 7 நாள் சாதாரண பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. நம் பணத்தில் ஏறத்தாழ 30,000 ரூபாய். வடக்கே மட்டும் போகிறவர்கள் இதை வாங்காமல், அந்த வட்டாரத்துக்கான பாஸை விசாரித்தால் மிச்சமாகும். டிராவல்ஸ் பேக்கேஜில் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரப்படுத்தினால் வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

சிறுமலை வாழைப்பழமும் கறிவேப்பிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். பழம், காய்கறி, செடி வகைகளுக்கு ஜப்பானில் கடும் கட்டுப்பாடு உண்டு. இறைச்சி சேர்ந்த எதற்கும் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, கடலை மிட்டாய் கைகொடுக்கும்.

சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பல குழம்புகளின் அடிப்படையே ‘தாஷி’ எனும் சாறு. பெரும்பாலும் மீனில் செய்தது. காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. ‘மீன், மீன் சாறு, இறைச்சி வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி செல்போனில் வைத்துக் காட்டுவது பலன் தரும். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியர்கள் அதிகம். இட்லி, தோசைக்கு அங்கே வழியுண்டு.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு ஒரு மாத அளவுக்குள் எடுத்துச் செல்லுங்கள். நாம் சாதாரணமாக வாங்கும் சளி, இருமல் மருந்துகள் சிலவற்றில் உள்ள சூடோஎஃபெட்ரின், கோடீன் போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. ஏப்ரல் கடைசியிலும் ஹிரோசாகி இரவுகள் கொடைக்கானல் டிசம்பர் போலத்தான். ஸ்வெட்டர் அவசியம். பெரியவர்களுக்குப் புதுச் செருப்பு வேண்டாம். நடை அதிகம் இருக்கும்.

பறிக்காத பூ

பூவைக் கண்டால் பறித்துத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். நிலக்கோட்டை மல்லிகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கை துறுதுறுக்கும். சகுராவில் அது கூடவே கூடாது. கிளையை வளைத்துப் படமெடுப்பது, இதழ் உதிர மரத்தை உலுக்குவது, வேர்மேல் ஏறி நிற்பது எல்லாமே அங்கே முகம் சுளிக்க வைக்கும். ஒடிந்த கிளையில் நோய் புகுந்து மரமே பட்டுப்போகலாம். சாப்பிட்ட குப்பையையும் கையோடு எடுத்துப் போய்விட வேண்டும்.

இங்கேயும் ஒரு பூ காத்திருக்கிறது

இவ்வளவு செலவு இப்போதைக்கு முடியாது என்றால், மேகாலயாவின் ஷில்லாங் இருக்கிறது. இமயமலைச் செர்ரி அங்கே நவம்பரில் பூக்கிறது; திருவிழாவும் நடக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை.

அதைவிடப் பக்கத்தில், திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பூ இருக்கிறது. கொடைக்கானல் மலையின் நீலக்குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. 12 ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. சகுராவைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருடம் போகலாம். குறிஞ்சியைத் தவறவிட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் வேலை, கல்யாணம் என்று எங்கோ போயிருக்கும். வீட்டுப் பெரியவர்களால் அப்போது மலையேற முடியுமா என்பதும் தெரியாது.

குறிஞ்சிச் செடி ஒருமுறை பூத்து விதை உதிர்த்ததும் மடிந்துவிடும். அந்த விதைகள்தான் அடுத்த 12 ஆண்டுக்கான முதலீடு. ஒரு கொத்தைப் பறித்தால் அதிலிருந்து வர வேண்டிய தலைமுறையையும் சேர்த்துத்தான் பறிக்கிறோம். அது வளரும் மலைப் புல்வெளிகளோ, வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் பரவியதால் ஏற்கெனவே பெருமளவு சுருங்கிவிட்டன.

ஜப்பானுக்குப் பணம் சேர்க்கும் உண்டியல் ஒரு பக்கம் நிறையட்டும். காலண்டரில் 2030 ஆகஸ்ட், செப்டம்பரையும் இப்போதே குறித்து வையுங்கள். திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரம்தான். தாத்தா, பாட்டியையும் மறக்காமல் அழைத்துப் போங்கள்!