உஷார்! பைதான் போயிற்று, குழாய் போகவில்லை

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவரா நீங்கள்? வருஷக்கணக்காகிவிட்டாலும் இது உங்களுக்குத்தான்.

கல்லீரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு இறங்கும் குழாய் உங்கள் வயிற்றில் அப்படியேதான் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி முறையில் அந்தக் குழாயில் காயம் படுவது அபூர்வம்; ஆயிரத்தில் 3 முதல் 5 பேருக்கு என்பார்கள். பெரிய காயம் சில நாளிலேயே காட்டிக்கொடுத்துவிடும். என்னைப் பயமுறுத்துவது சின்னக் காயம்தான். சூடு பட்ட இடமோ, ரத்த ஓட்டம் குறைந்த இடமோ மெல்லத் தழும்பாகிச் சுருங்கும். அடைப்பு தெரியவர மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். இன்னொன்றும் உண்டு: உள்ளே போட்ட கிளிப் நகர்ந்து குழாய்க்குள் இறங்கி, அதைச் சுற்றிப் புதிதாகக் கல் கட்டுவது. பத்து வருஷம் கழித்துக்கூட இப்படி நடந்திருக்கிறது.

கண் மஞ்சளாகிறது, சிறுநீர் டீ நிறத்தில் போகிறது, மலம் வெளுக்கிறது, தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிக்கிறது. உடனே நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கீழாநெல்லி அரைக்கிறோம், பத்தியம் இருக்கிறோம். தயவுசெய்து வேண்டாம்! குழாய் அடைத்து வரும் காமாலையை எந்த மூலிகையும் திறந்துவிடாது. போகிற ஒவ்வொரு வாரமும் கல்லீரலுக்குத்தான் கேடு. நாள்பட்டால் அது சுருங்கியே போகும். வலது விலாவுக்கடியில் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காதீர்கள். தேங்கிய பித்தத்தில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் முதல் வார்த்தையாக ஆபரேஷனைச் சொல்லுங்கள். ‘அதுதான் பழைய கதையாச்சே’ என்று நாமே விட்டுவிடுவதால் அல்சர், கேஸ் என்று மாத்திரையிலேயே காலம் ஓடிவிடுகிறது. ரத்தத்தில் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் பார்க்க வேண்டும். சாதா ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும், தொந்தரவு தொடர்ந்தால் பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுக்கலாமா என்று கேளுங்கள். கல்லோ கிளிப்போ என்றால் பெரும்பாலும் வாய் வழியாகக் குழாய் விட்டே எடுத்துவிடுவார்கள். சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பார்கள். முடியாதபோதுதான் பித்தக்குழாயைக் குடலோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன். அப்படி இணைத்தவர்களுக்கு அந்த இடமே பல வருஷம் கழித்து மறுபடி சுருங்கலாம். நன்றாக இருக்கிறோமே என்று ரத்தப் பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.