மாரி மழை பிரித்துக் காட்டிய தவளை

"மாரித்தவளைபோலக் கத்தாதே" என்று வீட்டில் ஏச்சு வாங்காத மாணவர் எம்மிடையே அரியர். அம்மாரி மழையே ஒரு தவளையைத் தனி இனமெனக் காட்ட உதவிய வரலாற்றை இங்கு கூற விழைகின்றோம்.

அறிவியலார் ஒவ்வோர் உயிரினத்துக்கும் இருசொற் பெயர் இடுவர். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் சுட்டும். 2003 ஆம் ஆண்டில் எஸ். டி. பிஜு, பிராங்கி பொசுய்ட் ஆகியோர் கேரளத்து இடுக்கியிற் கிடைத்த ஊதாநிறத் தவளைக்கு 'நாசிகாபத்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ்' எனப் பெயரிட்டனர். நாசிகா என்பது மூக்கு. பத்ராகஸ் என்பது கிரேக்க மொழியில் தவளை. சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கூரிய மூக்குடைய இத்தவளை நிலத்தடியில் வாழ்ந்து கறையானை உண்ணும். இனம்பெருக்கவே ஆண்டிற் சில நாள்கள் வெளிவரும். மலைவாழ் மக்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். 'புதிய இனம்' என்பது அறிவியல் ஏட்டுக்குப் புதியது என்பதே.

அதன் நெருங்கிய உறவினங்கள் கடல்கடந்த சீசெல்ஸ் தீவுகளில் உள்ளன. இந்தியாவும் சீசெல்சும் ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த ஒரே நிலம். ஆதலின் இத்தவளைக்குத் தனிக் குடும்பமே வகுக்கப்பட்டது.

அக்குடும்பத்தின் இரண்டாம் இனம் 2017 இல் 'அலித்தெஸ்' என்னும் ஆய்விதழில் விவரிக்கப்பட்டது. அது தமிழ்நாட்டு ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிழக்குச் சரிவில் வாழ்வது. 2014 இல் மறைந்த ஆய்வாளர் பூபதியின் நினைவாக 'நாசிகாபத்ராகஸ் பூபதி' எனப் பெயர் பெற்றது. முதுகெலும்பின் அமைப்பும் ஆண் தவளையின் குரலும் வேறுபட்டன. ஆராய்ந்த மரபணுப் பகுதியிலும் வேறுபாடு காணப்பட்டது. மேலும், மேற்கிலுள்ள இனம் மே முதல் ஆகஸ்ட் வரையான தென்மேற்குப் பருவமழையில் இனம்பெருக்க, கிழக்கிலுள்ளது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. காலம் வேறுபட்டதாலேயே இரண்டும் காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாயின என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இப்பாகுபாட்டாற் பயன் யாது? இரண்டையும் ஒன்றென எண்ணியிருப்பின், மேற்கே காடு காக்கப்பட்டாற் போதுமென இருந்துவிடுவோம். கிழக்கே ஓர் ஓடை வற்றும்போது ஓர் இனமே அழிவதை அறியமாட்டோம். பெயரில்லாததைக் காப்பார் இல்லை.

அந்த வடகீழ் மழையே யாழ்ப்பாணத்து வயல்களை நனைக்கும் ஐப்பசி, கார்த்திகை மாரி. ஆண்டு முழுதும் மழை தூறும் பாரிசில், ரூ பெர்தொனேயில் குடைபிடித்து நடக்கும் பிள்ளைக்கு 'மாரி' மழைக்கு மற்றொரு பெயராகவே தோன்றும். அது ஒரு பருவம் என்பதைப் பெற்றோர் எடுத்துரைப்பாராக. அச்சொல்லின் பொருள் விளங்கினால், அத்தவளை எதற்காகக் காத்திருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கும்.