சளிக்கு எதற்கு நுண்ணுயிர்க்கொல்லி?

மழைக்காலம் வந்துவிட்டால், புதுச்சேரி–கடலூர் சாலையிலுள்ள தவளக்குப்பம் போன்ற ஊர்களில் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு நிரம்பி வழியும். மூக்கொழுகும் குழந்தையை இடுப்பில் சுமந்து வரும் தாய், "சீக்கிரம் கேட்கிற மருந்தாக் குடுங்க, டாக்டர்" என்கிறாள். வெளியே நீண்ட வரிசை காத்திருக்கிறது. அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் எழுதப்படும் மருந்துச் சீட்டு, அந்தக் குழந்தையோடு முடிந்துவிடுவதில்லை. ஊர் முழுவதற்கும் நன்மையாகவோ தீமையாகவோ முடியக்கூடும். எவ்வாறு எனப் பார்ப்போம்.

சாதாரண சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லிகளோ பாக்டீரியாக்களைத் தாக்கும் மருந்துகள். பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுத்து அதை அழிக்கின்றன. வைரசுக்குச் செல் சுவரே கிடையாது. இல்லாத சுவரை மருந்து எப்படி இடிக்கும்?

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே என்று எண்ணிவிடக் கூடாது. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. தேவையின்றி உண்ட மருந்து அவற்றுள் எளியவற்றைக் கொல்லும். மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்ற சில பிழைத்துப் பெருகும். அந்த ஆற்றலுக்குரிய மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் அமைந்திருக்கும். ஒரு பாக்டீரியா இவ்வளையத்தைப் பக்கத்திலுள்ள வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும்!

இதன் விளைவைக் குடற்காய்ச்சலாகிய டைபாய்டின் வரலாறு காட்டுகிறது. இது பாக்டீரியாவால் வரும் நோய். இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி கட்டாயம் தேவை. 1948இல் குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்து இந்நோயை வென்றது. ஆனால் 1972இல், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேக்குத் தெற்கே உள்ள கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு, அம்மருந்துக்குப் பணியவில்லை. எதிர்ப்பாற்றல் பிளாஸ்மிட் வழியே வந்தது என ஆய்வாளர் கண்டறிந்தனர். பின்னர் சிப்ரோஃப்ளாக்சசின் கைகொடுத்தது. நாளடைவில் அதுவும் பலரிடம் பலிக்காமல் போயிற்று. இன்று செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் போன்றவற்றையே பெரிதும் நம்பியிருக்கிறோம். அதே அசித்ரோமைசினைத்தான் வெறும் சளிக்கும் விழுங்குகிறோம்!

இதில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. குளோராம்ஃபெனிகாலின் பயன்பாடு குறைந்த பிறகு, இந்தியாவில் டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை மீண்டும் அதற்குக் கட்டுப்படுவதாக ஆய்வுகள் காட்டின. எதிர்ப்பாற்றலைச் சுமப்பது கிருமிக்கும் ஒரு பாரமே. மருந்து எதிரே இல்லாதபோது, சுமையற்ற கிருமிகளின் கை ஓங்கக்கூடும்.

ஆகவே சீட்டு எழுதும் முறையை மாற்ற வேண்டும். அது இயலுமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு ஒன்று எளிய வழியைக் காட்டியது. "தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி தரமாட்டேன்" என்னும் கருத்துள்ள கடிதத்தை மருத்துவர்கள் கையொப்பமிட்டு, தம் புகைப்படத்துடன் அறைச் சுவரில் 12 வாரங்கள் மாட்டினர். கடிதம் மாட்டாத மருத்துவர்களோடு ஒப்பிட்டபோது, சளி போன்ற நோய்களுக்குத் தேவையின்றி எழுதுவது ஏறத்தாழ 20 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. செலவு சில தாள்களே. நம்மூர் மருத்துவமனைச் சுவரிலும் இதனைத் தமிழில் எழுதி மாட்டலாம்.

மருத்துவர் மேலும் ஒன்று செய்யலாம். "இது வைரஸ் சளி, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே வாருங்கள்" என்று சொல்லி அனுப்பலாம். தாய் தேடி வந்தது அந்த ஆறுதலையும்தான்.

நம் பங்கும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்காதீர்கள். மீந்த மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவர் தந்தால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்ணுங்கள். தராவிட்டால் வருந்தாதீர்கள். அடுத்த முறை இதே குழந்தைக்கு டைபாய்டு வந்தால், மருந்து கேட்க வேண்டுமல்லவா?