சட்டம் பயில விரும்புவோர்க்குச் சில சொற்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் காலங்களில், ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனை முதலிய நமது கரையோர ஊர்களின் திண்ணைகளில், "பிள்ளையைச் சட்டத்துக்கு விடலாமா?" என்னும் கேள்வி எழுவதுண்டு. மருத்துவமும் பொறியியலும் எத்தகைய படிப்புகள் என்பதைப் பெற்றோர் ஒருவாறு அறிவர். சட்டத்தைப் பற்றியோ, திரைப்படத்திற் கண்ட கறுப்பு மேலங்கியும் உரத்த வாதமுமே பலர் உள்ளத்தில் நிற்கின்றன. அப்படிப்பு உண்மையில் யாது, அது யாருக்கு ஏற்றது என்பதை இங்கு ஆராய்வோம்.

மூன்று வாசல்கள்

சட்டக் கல்விக்கு நம் நாட்டில் மூன்று வாசல்கள் உள. முதலாவது பல்கலைக்கழகம். 1947 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டக் கல்வி, இன்று கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் நான்காண்டுப் பட்டப்படிப்பாக நடைபெறுகின்றது. உயர்தரத்தில் எத்துறையிற் பயின்றவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். கலைத்துறை மாணவருக்கே உரியது என்று எண்ணுதல் தவறு. இசட் புள்ளியைக் கொண்டே தெரிவு நடைபெறும். இரண்டாவது, திறந்த பல்கலைக்கழகம். தொழில் செய்துகொண்டே பயில விரும்புவோர்க்கு அது பெரிதும் உதவும். மூன்றாவது, கொழும்பு புதுக்கடையில் அமைந்துள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874 ஆம் ஆண்டிலிருந்து வரும் அக்கல்லூரிக்குத் தனியான நுழைவுப் பரீட்சை உண்டு.

ஒன்றைப் பெற்றோர் நன்கு மனங்கொள்ள வேண்டும். பட்டம் பெற்ற மாத்திரத்தே நீதிமன்றத்தில் எழுந்து பேசும் உரிமை கிட்டுவதில்லை. பட்டதாரியும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளிற் சித்தியெய்தி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் தொழில் பழகி, உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே சட்டத்தரணியாவார். முன்னாளில் நியாயதுரந்தரர் என்றும் பிறக்கிராசி என்றும் இரு வகையினர் இருந்தனர். 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இருவரையும் ஒன்றாக்கியது. எனினும் நம் முதியோர் வாயில் "அப்புக்காத்து" என்னும் சொல் இன்றும் வாழ்கின்றது.

மனனம் உதவாது

சட்ட மாணவர் பிரிவுகளை மனனம் செய்பவர் என்பது பலரது எண்ணம். பரீட்சை மண்டபத்தில் அவர்முன் வைக்கப்படுவதோ பெரும்பாலும் ஒரு கதை. எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம்.

ஆலையடிவேம்பில் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவர் மரணசாதனம் எழுதாமற் காலமாகிறார். அவருக்கு மனைவியும், இரு ஆண் மக்களும், ஒரு மகளும் உளர். பெற்றோர் முன்னரே இறந்துவிட்டனர். அவரது காணி எவ்வாறு பிரியும்? தேசவழமைப்படி என்று பலர் விடையிறுப்பர். அது பிழை. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை வடமாகாணத் தமிழருக்கே உரியது. கிழக்கில் வாழும் தமிழரை ஆள்வது நாட்டின் பொதுச் சட்டம். 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி மனைவிக்குச் சரிபாதி. மறுபாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும்.

அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இதே நிலை ஏற்பட்டால், கணக்கு வேறாகும். காணியை 40 பங்காக்கினால், மனைவிக்கு 5, ஆண் மக்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. அரசாங்கம் உத்தரவுப்பத்திரத்தின் மூலம் வழங்கிய வயற்காணியாயின், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குறுக்கிடும். அச்சட்டத்தின் உரிமை வரிசையில் நெடுங்காலம் ஆண்மக்களுக்கு இருந்த முதன்மை 2022 ஆம் ஆண்டிலேதான் திருத்தப்பட்டது.

இனி, கதையில் ஒரு முடிச்சைச் சேர்ப்போம். மகளின் கலியாணத்தன்று, "இந்த வீடும் வளவும் உனக்கே" என்று சபையறியத் தந்தை சொல்லியிருந்தார், உறுதி முடிக்கவில்லை. வீடு மகளுக்குச் சேருமா? 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னிலையில் முடித்த உறுதி வேண்டும். ஊரே சாட்சி சொன்னாலும் வாய்ச்சொல் மாத்திரம் காணியைக் கைமாற்றாது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வேரூன்றிய நம் பகுதியில், எத்தனை உடன்பிறப்புகளை இவ்வொரு குறை நீதிமன்ற வாசலில் எதிரெதிராக நிறுத்தக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

வழமைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவும் இங்கே புலனாகின்றது. மட்டக்களப்புப் பகுதியில் ஒருகாலத்தில் முக்குவர் சட்டம் என்னும் தாய்வழி உரிமை முறை நிலவியது. கிறிஸ்தோபர் பிரித்தோ என்பார் 1876 இல் அதை நூலாக்கினார். அந்தச் சட்டம் மறைந்தது. ஆயினும் தாய்வழிக் குடி முறையும், பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் மறையவில்லை. சட்டம் கற்பவர் தம் ஊரையும் புதிதாகக் கற்கிறார்.

வழக்கை வாசித்தல்

சட்ட மாணவரின் நாள்களிற் பெரும்பகுதி தீர்ப்புகளை வாசிப்பதிற் கழியும். ஒரு தீர்ப்பில் எது முடிவுக்குரிய காரணம், எது இடையே சொல்லப்பட்ட கருத்து என்று பிரித்தறிதலே அவர் பழகும் கலை. கோடீஸ்வரன் வழக்கு இதற்கு நல்ல சான்று. அரசாங்க எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962 இல் சம்பள உயர்வை இழந்தார். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என வழக்கிட்டார். 1964 இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1967 இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்கிடல் இயலாது என்று அதைத் தள்ளியது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்று மொழிந்து, மொழிச் சட்டம் பற்றிய வினாவை மீண்டும் இலங்கைக்கே அனுப்பியது. பின்னர் 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. மூலவினாவுக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. வழக்கில் வென்றவர் எதை வென்றார், எதை வெல்லவில்லை என்று பகுத்துச் சொல்லக் கூடியவரே சட்டம் கற்றவர்.

மொழியின் நிலை

இன்று தமிழும் அரசகரும மொழியே. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி, வடக்கு கிழக்கிலுள்ள முதனிலை நீதிமன்றங்களின் மொழி தமிழாகும். ஆயினும் முன்னைத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கொழும்பில் மேன்முறையீடும் பெரும்பாலும் அம்மொழியிலேயே நடைபெறுகின்றது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதி 2023 மார்ச்சிற் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அதனால் ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் எண்ணற்க. நம் ஊர் வயோதிபத் தாயின் வழக்கைத் தமிழிற் கேட்டு, கொழும்பில் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் ஆற்றலுடையவரே அவளுக்கு உண்மையில் உதவுவார். தமிழை ஆழமாகவும் ஆங்கிலத்தைத் தெளிவாகவும் கற்றுக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஏற்றது?

பேச்சு வன்மை இல்லையே என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. பொறுமையாக வாசித்தல், எதிர்க்கட்சியின் நியாயத்தையும் நேர்மையாகச் சிந்தித்தல், எண்ணியதைச் சுருக்கமாக எழுதுதல் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. விரைவிற் பொருள் ஈட்டலாம் என்று வருவோர் ஏமாற்றமடைவர். தொழிலில் முதலாண்டுகளின் வருவாய் பலருக்குச் சொற்பமே. நீதவான், அரச சட்டத்தரணி, நொத்தாரிசு, விரிவுரையாளர், நிறுவனச் சட்ட அலுவலர் எனப் பல வழிகள் பின்னர் திறக்கும்.

முடிவெடுக்குமுன், மாணவர் ஒருநாள் அக்கரைப்பற்று நீதிமன்றத்துக்கோ கல்முனை நீதிமன்றத்துக்கோ சென்று பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து வருவது நன்று. திறந்த மன்றிலே விசாரணை நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை விதித்திருப்பதால், பொதுவாக எவரும் அங்குச் செல்லலாம். தவணை மேல் தவணையாக ஒத்திவைக்கப்படும் வழக்குகளையும், கையில் பழைய உறுதியுடன் காத்திருக்கும் மனிதரையும் அங்கே காண்பீர்கள். அவர்களுடைய கடதாசிக் கட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசிக்க உங்களுக்கு மனம் உண்டாகுமானால், தயங்காது விண்ணப்பியுங்கள்.