அச்சம் விற்கும் அங்காடி

அச்சம் எதனாற் பிறக்கும் என்று வினவினால் எங்கள் பண்டித வகுப்பு மாணாக்கர் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவர். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினாலும் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியலிலே தொல்காப்பியர் கூறும் முடிபு. அணங்கு என்றது பேயும் சூரும் முதலாயின. இறை என்பதை அரசு என்றே நான் விளக்குவது வழக்கம். கால் நூற்றாண்டுக்கு மேலாக இதனைக் கரும்பலகையில் எழுதியும் அழித்தும் வந்த எனக்கு, அச்சத்தை மேசைமேற் பரப்பி, விலை கூறி விற்கும் அங்காடி ஒன்று உலகில் உண்டென்பது 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் தெரியவந்தது.

அவ்வமயம் நான் அமெரிக்காவில், நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள தமக்கையார் வீட்டில் விருந்தினனாய் இருந்தேன். அவருக்கு ஒரே மகன். வயது இருபது. பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டு, மாலையில் ஒரு கடையில் வேலையும் செய்கிறான். தீய பழக்கம் யாதுமில்லை. ஆயினும் அவனுடைய அறைக் கதவைத் திறந்தபோது நான் திடுக்கிட்டு நின்றேன். சுவரெங்கும் இரத்தம் ஒழுகும் வாய்களும் அழுகிய முகங்களுமே காட்சியளித்தன. தமக்கையார் அவ்வறைக்குள் காலடி வைப்பதில்லை, கூட்டுவதற்குங்கூடப் போவதில்லை.

“தம்பி, நீ படிப்பிக்கிறவன். நீ சொன்னால் கேப்பான். உழைக்கிற காசையெல்லாம் பேய்ப்பொம்மையிலை கொட்டுறான். நாங்கள் பட்டது காணாதே?” என்றார் அவர்.

அவ்விறுதி வினாவுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. மருமகனுக்குச் சொல்லவேண்டிய புத்திமதிகளை மனத்துள் வரிசைப்படுத்திக்கொண்டேன். அவனோ என்னை முந்திக்கொண்டான். “மாமா, சனிக்கிழமை என்னோடை வாங்கோ. பாத்திட்டுப் பிறகு கதையுங்கோ.” நியாயமான வேண்டுகோள்தான். வாசியாத நூலுக்கு மறுப்பு எழுதுவது பண்டிதர்க்கு அழகன்று.

பார்சிப்பனி என்னும் ஊரிலுள்ள ஹில்ற்றன் ஹோட்டலில் அவ்விழா நடைபெற்றது. ‘சில்லர் தியேட்டர்’ என்பது அதன் பெயர். திகிற்படங்களில் ஈடுபாடுடையோர் கூடும் இவ்விழா 1990ஆம் ஆண்டில் தொடங்கியது. வாசலில் நீண்ட வரிசை. தந்தையும் தாயும் கைக்குழந்தையுமாக ஒரு குடும்பம் முழுவதும் பிணக்கோலம் பூண்டு வந்திருந்தது. தலையிற் கோடரி பாய்ந்த ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூத்தோரே முதலிற் செல்க என்பதுபோற் பணிவுடன் சைகை செய்தார். என் நெற்றியிலிருந்த திருநீற்றைக் கண்ட பெண்ணொருத்தி, இஃது எந்தப் படத்தில் வரும் வேடம் என்று மருமகனிடம் வினவினாள். அவன் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான்.

உள்ளே சென்றால் நல்லூர்த் திருவிழாக் கடைத்தெருவே நினைவுக்கு வந்தது. காப்பும் மணியும் விற்கும் இடத்தில் மண்டையோடுகள். அம்மிக்குழவிகள் கிடக்கும் இடத்தில் றப்பரினாற் செய்த துண்டித்த கைகள். முகமூடி, பொம்மை, சுவரொட்டி, சட்டை, பழைய சஞ்சிகை எனப் பொருள்கள் குவிந்து கிடந்தன. வாங்குவோரிற் பலர் நரைத்த தலையினர். அதன் காரணத்தை மருமகன் விளக்கினான். 1958இல் ‘பிரபல பூதங்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சஞ்சிகை அந்நாட்டில் வெளிவந்தது. விலை 35 சதம். அதன் பின்பக்கங்களில், தபாலிற் பெறத்தக்க முகமூடிகளும் படச்சுருள்களும் விளம்பரமாயின. 1961இல் பிராங்கன்ஸ்டைன் பூதத்தின் உருவத்தைச் சிறுவர் தாமே ஒட்டிப் பொருத்தும் பிளாஸ்ரிக் பொதி 98 சதத்துக்கு வந்தது. அவற்றுக்காகக் கைக்காசு சேர்த்த சிறுவர்களே இன்றைய கிழவர்கள். தாய்மார் குப்பையிலே எறிந்தவற்றை அவர்கள் இப்பொழுது பன்மடங்கு விலை கொடுத்து மீட்கிறார்கள்.

பண்டிதன் எங்கே போனாலும் இலக்கணம் கூடவே வரும். நான் மேசைகளைத் தொல்காப்பியர் வகுத்த முறையிலே பார்க்கத் தலைப்பட்டேன்.

முதலாவது அணங்கு. எங்கு திரும்பினும் டிராகுலா. 1931இல் அவ்வேடம் தாங்கிய பெலா லுகோசி என்னும் ஹங்கேரி நாட்டவர் வாரம் 500 டொலர் வீதம் ஏழு வாரச் சம்பளமே பெற்றார். 1956இல் அவர் இறந்தபோது டிராகுலாவின் மேலங்கியுடனேயே அடக்கஞ் செய்தனர். பின்னர் அவர் முகம் பொறித்த பொருள்கள் எங்கும் விலைப்பட்டன. மனைவியும் மகனும் 1966இல் யூனிவேர்சல் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், அம்முகத்தின் மீதிருந்த வணிக உரிமை வாரிசுகளைச் சென்றடையாது எனத் தீர்த்தது. 1985 முதல் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டமே இறந்த நடிகரின் முகத்துக்கு உரிமையாளர் உண்டு என்று ஒப்புக்கொண்டது. மனிதரின் இரத்தத்தை உறிஞ்சுவது டிராகுலா. டிராகுலாவின் இரத்தத்தையும் உறிஞ்சுவது வாணிகம்.

இரண்டாவது விலங்கு. 1941இல் வெளிவந்த ஓநாய் மனிதன் படத்தில், ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனையாளர் கவரிமாவின் மயிரைக் கற்றை கற்றையாக நடிகர் முகத்தில் ஒட்டினாராம். வள்ளுவர் மானத்துக்கு உவமை கூறிய விலங்கின் மயிர் ஹொலிவூட்டிலே ஓநாய்க்கு உதவிற்று.

மூன்றாவது கள்வர். முகம் மறைத்து இரவில் வீடு புகுவோன் கள்வனன்றி வேறு யார்? அங்கே அதிகம் தொங்கியது வெளிறிய வெள்ளை முகமூடி ஒன்று. 1978இல் ‘ஹலோவீன்’ படத்தை எடுத்தோரிடம் பணம் இல்லை. கடையொன்றில் இரண்டு டொலருக்கும் குறைந்த விலைக்கு, வில்லியம் ஷற்னர் என்னும் நடிகரின் முகத்தைப் போலச் செய்த முகமூடியை வாங்கினர். கண்துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை பூசினர். தெரிந்த முகத்தின் அடையாளங்களை அழித்ததே அதனை அஞ்சத்தக்கதாக்கிற்று. அதன் பிரதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உட்புறம் வெறும் றப்பர். மணம் புதுச்செருப்பின் மணம்.

எனக்கு அருவருப்பு உண்டாயிற்றா என்று நேயர்கள் வினவலாம். உண்டாகவில்லை. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடுகின்றன. தம்முள் பரிமாறி உண்கின்றன. அதனை நான் ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். மாணாக்கர் நகைக்கிறார்கள், எந்தப் பெற்றாரும் முறைப்பாடு செய்ததில்லை. பரணிக்கு ஒரு நீதி, பார்சிப்பனிக்கு ஒரு நீதியா?

ஆயினும் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு மருமகனிடம் கூறினேன்: “தம்பி, தொல்காப்பியர் சொன்னது நாலு. இங்கை மூண்டுதான் இருக்குது. நாலாவது, அரசாலை வாற பயம். அதை ஒருத்தரும் விக்கேல்லை. உன்ரை கொம்மா பட்டது அந்த நாலாவதுதான்.”

அவன் மறுமொழி கூறாமல் என்னை மண்டபத்தின் கோடியிலிருந்த ஒரு மேசைக்கு அழைத்துச் சென்று, கறுப்பு வெள்ளைச் சுவரொட்டி ஒன்றை எடுத்து விரித்தான். ஜோர்ஜ் ரொமேரோ என்பவர் 1968இல் எடுத்த, ‘உயிர்ப்பிணங்களின் இரவு’ எனத் தமிழிற் சொல்லத்தக்க படம் அது. கதையையும் அவனே கூறினான். பிணங்கள் எழுந்து உயிருள்ளோரைத் தின்கின்றன. ஒரு பண்ணைவீட்டுக்குள் எழுவர் அகப்படுகின்றனர். ஒருவர்பின் ஒருவராக அறுவர் மடிகின்றனர். கறுப்பின இளைஞன் ஒருவன் மாத்திரம் நிலவறையிலே பதுங்கி விடியுமட்டும் உயிரோடிருக்கிறான். காலையில் நகர்க்காவல் அதிகாரியும் துப்பாக்கி ஏந்திய கூட்டத்தாரும் வருகின்றனர். மீட்பு வந்ததென்று அவன் யன்னலருகே செல்கிறான். அவர்கள் தூரத்திலிருந்தே அவனைச் சுட்டுவிடுகின்றனர். உடலைக் கொக்கியால் இழுத்துச் சென்று பிணங்களோடு எரிக்கின்றனர். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதும் அதே 1968இல்.

“நாலாவது இருக்குது, மாமா,” என்றான்.

நான் வாயடைத்து நின்றேன். உரையாசிரியரைச் சிறுவன் திருத்திய இடம் அது. பத்து டொலர் கொடுத்து அச்சுவரொட்டியை வாங்கினேன். அதன் மலிவுக்கும் ஒரு காரணம் உண்டு. வெளியிடும் வேளையில் படத்தின் தலைப்பை மாற்றியவர்கள் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்தார்கள். அக்காலச் சட்டப்படி அப்படம் பொதுச்சொத்தாயிற்று. எவரும் அச்சிடலாம், எவரும் விற்கலாம். நாலாவது அச்சத்துக்கு உரிமையாளர் இல்லை.

திரும்பும் வழியில், இதெல்லாம் உனக்கு எதற்கு என்று மெல்லக் கேட்டேன். வீதியிலிருந்து கண்ணை எடாமல் அவன் சொன்னான்: “ஜூலை நாலாந் திகதி வாணம் விடேக்கை அம்மா குளிக்கிற அறைக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிக்கொண்டிருப்பா. சின்னனிலை நானும் வெளியிலை நிண்டு அழுவன். ஏன் எண்டு கேட்டால் ஒண்டும் சொல்லமாட்டா. படத்திலை எண்டால் வாறது என்ன எண்டு காட்டுவாங்கள், மாமா.”

வீட்டை அடைந்ததும் தமக்கையார் என் கையிலிருந்த சுருளைப் பார்த்து, “நீயுமோ?” என்றார். மருமகனைக் கதை சொல்லுமாறு பணித்தேன். தட்டுத்தடுமாறிய தமிழில் அவன் சொல்லி முடித்தான்.

“விடிஞ்ச பிறகோ சுட்டவங்கள்?” என்று தமக்கையார் கேட்டார்.

“ஓம், அம்மா.”

அவர் அடுக்களைக் கதிரையில் அமர்ந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த கதையை அன்றுதான் முதன்முதலாகத் தம் மகனுக்குக் கூறினார். நாங்கள் இருவரும் ஐயாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிச் சென்றதையும், நெருக்கத்தில் ஓரடி வைக்க ஒரு நாழிகை சென்றதையும், மழையில் குடையை மலர்த்திப் பிடித்து நீர் ஏந்திக் குடித்ததையும் சொன்னார். “நாங்களும் விடியட்டும் விடியட்டும் எண்டுதான் நடந்தனாங்கள்” என்றார். அவன் ஒரு சொல்லும் பேசாது தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வரிசைப்படுத்தி வைத்திருந்த என் புத்திமதிகளுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மறுநாட் காலை நான் எழுந்தபோது, தமக்கையார் விளக்குமாறுங் கையுமாக அவனுடைய அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.