படித்தால் மரணம்! நான் படித்துவிட்டேன்

அந்தக் கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பவர் சீக்கிரமே இறந்துவிடுவார்! வேல்ஸ் நாட்டின் மார்கம் வட்டாரத்து மக்கள் ஒரு காலத்தில் அப்படி நம்பினார்களாம். வில்லியம் கேம்டன் என்ற ஆங்கில அறிஞர் தம் ‘பிரிட்டானியா’ நூலில் இதைக் குறித்திருக்கிறார். நான் படித்துவிட்டேன். தேர்வு முடிவைத் தவிர இதுவரை வேறு ஆபத்து வரவில்லை.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் கார்டிஃபில் படித்தபோது, மழையில் நனைந்தபடி அந்த மலையேறினேன். மேலே நிற்பது நகல் என்பதை உடன் வந்த தோழி இறங்கும்போதுதான் சொன்னாள். உண்மையான கல் கீழே, மார்கம் தேவாலயத்துக்குப் பக்கத்தில், பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் அமைந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வந்த கோபம், அதன் முன்னே நின்றதும் போய்விட்டது.

6ஆம் நூற்றாண்டுக் கல். லத்தீன் எழுத்துகள். “போட்வோக் இங்கே கிடக்கிறார், கட்டோட்டிகிர்னுஸின் மகன், எட்டெர்னாலிஸ் வெடோமாவுஸின் கொள்ளுப்பேரன்.” ‘இங்கே கிடக்கிறார்’ என்பது அக்காலக் கிறிஸ்தவ நினைவுக் கற்களில் வழக்கமாக வரும் தொடர். இலக்கணப்படி ‘இயாகெட்’ என்று இருக்க வேண்டும்; கல்லில் ‘இயாகிட்’. பேச்சில் இருந்தபடியே செதுக்கிவிட்டார்கள் போலும். என் தமிழாசிரியர் பார்த்திருந்தால் சிவப்பு மை தீர்ந்திருக்கும்!

அங்கேயே பும்பேயுஸ் என்பவரின் கல்லும் உண்டு. முகப்பில் லத்தீன், விளிம்புகளில் அயர்லாந்துக்காரர்களின் ஓகம். வெறும் கோடுகளே எழுத்துகள்.

இத்தகைய சின்னங்களைக் காக்க பிரிட்டனில் முதல் சட்டம் 1882இல் வந்தது. 2023இல் வேல்ஸ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே பட்டியலிடப்பட்ட தொல்சின்னங்கள் 4,000க்கும் அதிகம். கல் நிற்பது ஒருவரின் சொந்த வயலாக இருந்தாலும், அனுமதியின்றி அவர் அதை நகர்த்தினால் குற்றம். இதற்குப் பொறுப்பான அரசு அமைப்பின் பெயர் ஏறக்குறைய நம் ‘காடு’ போலவே ஒலிக்கும். வேல்ஸ் மொழியில் அதற்குப் பொருள் ‘காத்தல்’.

போட்வோக்கின் தாத்தா பெயர் மட்டும் கல்லில் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருக்கிறது. எனக்கோ அப்படியே தலைகீழ். தாத்தாவைத் தெரியும், அவருடைய அப்பாவைத் தெரியாது. அவரைப் புதைத்த தோட்டத்து இடுகாடு இப்போது வீடமைப்புப் பகுதி.

அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன். “பெரியம்மாவைக் கேட்டுச் சொல்றேன்” என்றார். இன்னும் பதில் வரவில்லை.