சிறுகதையின் உறுப்புகளும் கிழக்கின் கரையோரமும்

இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகப் பலரும் கொள்ளும் ‘அசன்பேயுடைய கதை’யை 1885இல் வெளியிட்டவர் அறிஞர் சித்திலெப்பை. அம்பாறைக் கரையோரத்திற்கும் புனைகதை புதியதன்று. மருதமுனையின் மருதூர்க் கொத்தன், கல்முனையின் உமா வரதராஜன் ஆகியோர் சிறுகதையில் தமக்கென ஓரிடம் பெற்றவர்கள். ஆயினும் இன்று எழுத முன்வரும் இளையோர் பலரின் ஆக்கங்களில் சம்பவம் இருக்கிறது, கதையைக் காணோம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைச் சூறையாடியது. அலை வந்தது, வீடுகள் அழிந்தன என்பது செய்தி. இதனையே ஒரு மனிதரின் கதையாக்கிப் பார்ப்போம்.

முதலில் வேண்டப்படுவது பாத்திரம். மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்பது இக்கரையோர வழக்கம். பல்லாண்டு கடலோடிய உழைப்பில் மகளுக்கென வீடு எழுப்பிய ஒரு வாப்பாவை எண்ணிக்கொள்வோம். அந்த வீட்டை அலை கொண்டுபோய்விட்டது. மகளின் நிக்காஹ் நெருங்கிவிட்டது. அவருக்கு என்ன வேண்டும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகின்றது.

அடுத்தது முரண். அலைக்குப்பின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்ட அரசு தடை விதித்து, பின்னர் அதனைத் தளர்த்தியது. தடை நிலவிய அந்த நாட்களில் அவருடைய வளவு எல்லைக்குள் அகப்பட்டுவிடுகின்றது. அவருடைய விருப்பத்திற்குக் குறுக்கே தடை ஒன்று எழுந்த கணத்திலேயே சம்பவம் கதையாகின்றது.

மூன்றாவது களம். உவர்க்காற்று, சரிந்த தென்னை, மணலில் எஞ்சிய அத்திவாரம் ஆகியவை அலங்காரத்திற்காக வரக்கூடாது. அத்திவாரம் எஞ்சியிருப்பதனாலேயே அவரால் அவ்விடத்தை விட்டு அகல முடியவில்லை. இவ்வாறு களம் பாத்திரத்தின் செயலோடு பிணைய வேண்டும்.

நான்காவது நோக்குநிலை. அக்கதையை வாப்பா சொன்னால் அது மனக்குறையாகலாம். தன்னால்தான் வாப்பா அல்லலுறுகிறார் என்றறிந்த மகள் சொன்னால் துயரம் இரட்டிப்பாகும். ஒருவரின் கண்ணைத் தேர்ந்தபின் அவர் காணாததை எழுதலாகாது.

ஐந்தாவது மொழி. விபரிப்பு செந்தமிழில் அமையலாம். உரையாடலில் வாப்பா, உம்மா, ராத்தா என அழைக்கும் மக்கள் தம் பேச்சிலேயே பேச வேண்டும். பிரதேச வழக்கைக் குறையெனக் கருதி நீக்கினால் பாத்திரம் உயிரற்றுப்போகும்.

சிறுகதை வாசகர் உள்ளத்தில் ஒற்றை உணர்வையே பதிக்க வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ 1842இல் முன்வைத்தார். நம்மவர் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேயே. ‘பொறுமையே சிறந்தது’ என்ற போதனையோடு கதை முடிந்தால், அதுவரை திரண்ட உணர்வு கலைந்துவிடும். நிலம் அளக்க வந்தவர்களோடு வாதாடாது, எஞ்சிய வாசற்படியில் வாப்பா அமர்ந்துகொள்வதோடு நிறுத்தலாம். எஞ்சியதை வாசகர் உணர்ந்துகொள்வார்.

உயிரிழந்தோர் தொகையும் அழிந்த வீடுகளின் தொகையும் அரச ஆவணங்களில் உள்ளன. அந்த வாசற்படியில் அமர்ந்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு ஆவணம் கிடையாது. அலையைக் கண்ட மூத்தோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் இக்காலத்தில், அவர்களிடம் கேட்டு எழுதும் பொறுப்பு இளைய தலைமுறைக்குரியது.